பூஜ்யம் மில்லிமீட்டர்

"மழைமானிய மழையில வைங்க, பாக்."

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னதும், பொரித்த சோயாக் கட்டியான தெம்பேவைக் கடித்துக்கொண்டிருந்த பதினொரு பேரும் கடிப்பதை நிறுத்தினார்கள். நான் பாக், அதாவது ஐயா, என்று கூப்பிட்ட ஐந்தாம் பிரிவின் தலைவர் ருஹியாத் மட்டும் நிறுத்தவில்லை. நிதானமாக மென்று, விழுங்கி, கைக்குட்டையால் மீசையைத் துடைத்து, எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வந்தவரைப் போலச் சிரித்தார்.

"நல்ல யோசனை, நெங் தியோ. பார்க்கலாம்."

மேற்கு ஜாவாக்காரர்களோடு நான்கு வருடம் படித்து பதினொரு மாதம் வேலையும் பார்த்தவளுக்கு அந்தப் 'பார்க்கலாம்' தெரியும். செத்தாலும் பார்க்க மாட்டோம் என்று பொருள். அதை இவ்வளவு இனிப்பாகச் சொல்ல இந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும். நான் பிறக்கவில்லை. என் அப்பா வடக்கு சுமத்ராவிலிருந்து வந்து நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் ஒட்டுகிறவர். எங்கள் வீட்டில் உப்பை எடு என்று கேட்பதே தெருச் சண்டை மாதிரி இருக்கும். அலுவலகத்தில் நான் 'காலை வணக்கம்' சொன்னால் இரண்டு பேர் காப்பியைச் சிந்துவார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று இமாஸ் தெத்தே நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தாள். ஆவணப் பிரிவில் இருக்கிறவள், எங்கள் எல்லோருக்கும் தெத்தே, அதாவது அக்கா; நான் எல்லோருக்கும் நெங், தங்கச்சி. விடுப்புக் கேள், புதுத் தலைக்கவசம் கேள், வேண்டுமானால் ருஹியாத்தின் சுழல் நாற்காலியைக்கூடக் கேள், அந்த மழைமானியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்றாள். எனக்கு முன்னால் வடிகால் பொறியாளராக இருந்தவர் ஒரு தரம் திறந்தாராம். மறுமாதமே வேறு தீவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மேசை இழுப்பறையில் அவர் எனக்கு விட்டுப் போன சொத்து ஒரு குடை.

மழைமானியின் கதை இதுதான்.

முதலில் இங்கே வேறொரு மழைமானி இருந்தது. விதிமுறைப்படி திறந்த வெளியில், கம்பத்தின் மேல் வைத்தார்கள். மூன்றாம் வாரம் அதன் புனலைக் காணோம். தேடிப் பார்த்தால், சாலை வளைவில் பாட்டிலில் பெட்ரோல் விற்கும் கடையில் அந்தப் புனல் வேலைக்குச் சேர்ந்திருந்தது. எங்கள் ஜீப்புக்கே இரண்டு தடவை அதன் வழியாகப் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள். அடுத்த மழைமானி வெளிநாட்டிலிருந்து, பஞ்சுப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு வந்தது. இந்தத் தடவை காவலாளி மாங் ஓமோவிடம் பொறுப்பேற்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கருவிக்கு என்ன நேர்ந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மாங் ஓமோ பொறுப்பான மனிதர். காவல் கூண்டின் கூரைக்கு அடியில், சாரல் படாத மூலையாகப் பார்த்து அதை நிறுத்தினார். மேலே பிளாஸ்டிக் உறையும் போட்டார். தினமும் காலை ஏழு மணிக்கு உறையைக் கழற்றி, துடைத்து, உள்ளே எட்டிப் பார்த்து, பதிவேட்டில் பூஜ்யம் என்று எழுதினார். முட்டை முட்டையாக, அழகான பூஜ்யங்கள்.

இரண்டு வருடப் பதிவேட்டில் ஒரே ஒரு நாள் மட்டும் பதினான்கு மில்லிமீட்டர். அன்றைக்குக் கூரை ஒழுகியது. மறுநாளே ஏறி அடைத்துவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்கக் கூடாதா என்று அவரிடம் கேட்டேன்.

"நனைஞ்சா யாரு பதில் சொல்றது, நெங்?" என்றார்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். போகவில்லை. நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அதிவேக ரயில் போட வேண்டும் என்று தலைநகரத்தில் முடிவு செய்தார்கள். முதல் பாதை ஓடத் தொடங்கி, ஜனங்கள் அதில் ஏறிப் போய், போய் இறங்கிய ஊரில் ஒரு கிண்ணம் இறைச்சி உருண்டை சூப் குடித்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பி வந்து பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுடையது அதற்குக் கிழக்கே நீளும் பாதை. அதில் ஐந்தாம் பிரிவு பதினொரு கிலோமீட்டர். ரயில் அதை இரண்டு நிமிடத்துக்குள் கடந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்தைக் கட்ட எங்களுக்கு மூன்றரை வருடம் ஆயிற்று. நடுவில் சிகெமுலான் பள்ளத்தாக்கு. அதன் குறுக்கே எட்டு மீட்டர் உயரத்துக்கு மண்கரை எழுப்பி, மேலே தண்டவாளம். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் கரைக்கு அடியில் போவதற்கு இரண்டு முனையும் திறந்த மூன்று கான்கிரீட் பெட்டிகள் வைக்க வேண்டும் என்று முதல் வரைபடத்தில் இருந்தது.

அப்புறம்தான் யாரோ மாங் ஓமோவின் பதிவேட்டைப் பார்த்தார்கள். பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதியில் இருப்பதாகத் தெரியவருகிறது என்று ருஹியாத் ஜகார்த்தாவில் படம் போட்டுக் காட்டினார். அந்தப் படத்தைத் தயாரித்த அறையில் ஒழுகல் பிடிக்க நான்கு வாளிகள் வைத்திருந்தார்கள் என்று இமாஸ் தெத்தே சத்தியம் செய்கிறாள். மூன்று பெட்டி ஒன்றாயிற்று. மிகச் சிக்கனமான பிரிவு என்று ஒரு சான்றிதழ் வந்தது. அது ருஹியாத்தின் தலைக்கு மேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. நாங்கள் தினமும் மழைக்கோட்டை உதறிக் காயப்போட்டுவிட்டு, அந்தச் சான்றிதழுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தோம்.

நானும்தான். பதினொரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நான் ஒப்பந்த ஊழியர். ஒரு வருடம் முடிந்தால் நிரந்தரம். எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். படிப்பு என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது, சம்பளம் தரும் என்று மட்டும் தெரியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பதினொரு மாதமாக எனக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை எங்கள் பிரிவில் கடைசித் தண்டவாளம் வைக்கும் விழா. பெரிய மனிதர்கள் வந்தார்கள். மழை விலக்குவதற்கு, வழக்கம்போல, காங் சுஹேரியை, எல்லோருக்கும் அண்ணனான மந்திரக்காரரை, அமர்த்தியிருந்தார்கள். நாற்பது வயது, கால்பந்து ஜெர்சி, காதில் ஒரு கிராம்பு சிகரெட். மேடைக்குப் பின்னால் மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்திய குச்சிகளை நட்டு, துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தி, புகைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஒப்பந்தம். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வெயில் அடித்தது. சிகெமுலான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டு, கொடியசைக்கக் கூட்டி வந்திருந்தார்கள்.

இரண்டு மணிக்கு ஊற்றியது. ஒரு பெட்டி எவ்வளவு தண்ணீரைத்தான் விடும்? கரை அணைக்கட்டாயிற்று. கரைக்கு மலைப்பக்கம் இருக்கும் சிகெமுலான் கிராமத்தின் அறுபது வீடுகளிலும் ஜன்னல் விளிம்புவரை தண்ணீர். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் பாதி உயரத்துக்கு நின்றது. பிள்ளைகள் அன்றைக்கு வகுப்பில் இல்லை. ஒருவரும் சாகாததற்குக் காரணம் கொடி.

சனிக்கிழமை கிராமத்தார் அலுவலகத்துக்கு வந்தார்கள். வீடு மூழ்கியவர்கள் என் ஊரில் என்றால் கல்லோடு வந்திருப்பார்கள். இவர்கள் ஒரு பை மரவள்ளிச் சிப்ஸோடு வந்தார்கள். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டார்கள், எல்லோருடைய உடல்நலத்தையும் விசாரித்தார்கள், இருபது நிமிடம் கழித்து, குளங்களெல்லாம் ஒன்றாகிவிட்டதில் யாருடைய மீன் யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்கள். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்கள். உங்கள் மழை விலக்குபவர் உங்கள் மழையை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். அது சரியில்லை.

ருஹியாத்தின் முகத்தில் விளக்கெரிந்ததை நான் பார்த்தேன். தவறு சுஹேரியுடையது. பெட்டி ஒன்றா மூன்றா என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. உடனே ஒத்துக்கொண்டார், வருத்தம் தெரிவித்தார், மீன்குஞ்சு தருவதாகவும் சுஹேரியை மன்னிப்புக் கேட்கச் சொல்வதாகவும் வாக்களித்தார். முதுகலைப் பட்டம் பெற்ற மூன்று பொறியாளர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அறிக்கையில் எழுதப்பட்டது: வெள்ளத்தின் காரணம், மழை இடமாற்றம்.

அதனால்தான் திங்கட்கிழமை நான் கேட்டேன். இன்னொரு காரணமும் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை சோதனை ஓட்டம். அதற்கு முன்னால் வடிகால் தகுதிச் சான்று ஜகார்த்தாவிலுள்ள சோதனைக் குழுவுக்குப் போக வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியது வடிகால் பொறியாளர். நான். ரயில் ஓடத் தொடங்கிவிட்டால் அந்தக் கரையில் ஒரு மண்வெட்டியைக்கூட வைக்க விடமாட்டார்கள். மழைக்காலம் முடிய மூன்று மாதம் இருந்தது. பள்ளிக்கூடமும் சோதனை ஓட்டத்தன்றுதான் மறுபடி திறக்கிறது.

செவ்வாய்க்கிழமை காங் சுஹேரி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கோபத்தில் சிகரெட்டைப் பற்றவைக்கவும் மறந்திருந்தார்.

"நெங், அறிக்கையில என் பேரு இருக்காமே?"

"பேரு இல்ல, காங். மழை விலக்குபவர்னுதான் இருக்கு."

"இந்தச் சுத்துவட்டாரத்துல அது நான் ஒருத்தன்தான். நான் தள்ளினது தெற்கே. கடலுக்கு. வடக்கே தள்ள நான் என்ன பைத்தியமா? சிகெமுலான்ல என் மச்சினன் குளம் இருக்கு. அவன் இப்ப என்கூடப் பேசறதில்ல. என் பொண்டாட்டி சோத்துத் தட்ட வைக்கிற சத்தத்துல பக்கத்து வீட்டுக் கோழி எழுந்திருக்குது."

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நீங்கள் நிஜமாகவே மழையை நிறுத்துவீர்களா என்று நேராகவே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தொழில் தெரிந்தவன் தொழிலைப் பற்றிக் கேட்டால் யோசிப்பதைப் போல யோசித்தார்.

"காலையில ஒம்போதுலேருந்து பதினொண்ணுன்னா நிறுத்துவேன். சாயங்காலம்னு கேட்டா அன்னிக்கு எனக்கு வேற வேலை இருக்கும்."

அப்புறம் ஜெர்சிக்குள்ளிருந்து, வயிற்றோடு செருகியிருந்த மூன்று பள்ளி நோட்டுகளை எடுத்து மேசையில் போட்டார். ஒன்பது வருடம். தினமும் எத்தனை மணிக்கு மழை, எத்தனை மணிவரை, எந்தப் பக்கத்துக் காற்று, எத்தனை மில்லிமீட்டர். எப்படி அளந்தார் என்று கேட்டேன். கிணற்றுச் சுவர் மேல், திறந்த வெளியில், நோன்புப் பெருநாளுக்கு வாங்கிய பிஸ்கட் டின். மகனுடைய பள்ளி அளவுகோல். எப்போது பெய்யும் என்று தெரியாமல் இந்தத் தொழிலை எவனாவது ஒப்புக்கொள்வானா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நேர்ச் சுவருள்ள டின்னில் ஆழத்தை அளந்தால் அதுதான் மழை. நான்கு வருடப் படிப்பு அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் சொல்லித்தரவில்லை. போன வியாழக்கிழமைக்கு எதிரே 118 என்று எழுதியிருந்தது. மாங் ஓமோவின் பதிவேட்டில் அதே நாளுக்குப் பூஜ்யம்.

நோட்டில் இரண்டு இடத்தில் மட்டும் பதிவு இல்லை. இரண்டும் பெருநாளை ஒட்டிய வாரங்கள். ஏன் என்றேன்.

"அரிசி அப்பளம் போட்டு வைக்க அவ டின்ன எடுத்துக்கிட்டா," என்றார்.

பதினொரு கிலோமீட்டர் தள்ளி ஒரு வேளாண்மைப் பள்ளி. அங்கே முறையான மழைமானி ஒன்று, மழையில் நின்றுகொண்டு, இருக்கிறது. அங்கே போய் அவர்களுடைய ஏடுகளைக் கேட்டு வாங்கி, சுஹேரியின் நோட்டோடு ஒப்பிட்டேன். இரண்டும் கைகோத்துக்கொண்டு நடந்தன. புதன்கிழமை முழுவதும் கணக்குப் போட்டேன். மூன்று பெட்டி ஆடம்பரமில்லை, அதுதான் குறைந்த அளவு. ஒன்றே ஒன்று இருந்தால், போன வியாழக்கிழமையில் வந்த மாதிரித் தண்ணீர் வருடத்துக்கு நான்கு தடவை நிற்கும். அறிக்கையின் கீழே, விடுபட்ட பதிவுகளுக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில், 'அளப்பவரின் மனைவி' என்று எழுதினேன். வேறு எப்படி எழுதுவது?

வியாழக்கிழமை காலை ருஹியாத் அதைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் படித்தார். அவரும் பொறியாளர்தான். 118 வந்தபோது விரல் நின்றது. அப்புறம் தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கி என் பக்கம் நகர்த்தினார்.

"மந்திரக்காரனோட பிஸ்கட் டின்ன ஜகார்த்தாவுக்கு எப்படிம்மா அனுப்புறது?"

"அதே மந்திரக்காரன்தான் வெள்ளத்துக்குக் காரணம்னு சனிக்கிழம நீங்க எழுதலையா, பாக்?"

"அது ஊருக்கு எழுதினது, நெங். இது ஜகார்த்தாவுக்கு."

அவர் திட்டவில்லை, மிரட்டவில்லை. இவர்கள் மிரட்ட மாட்டார்கள், அனுப்புவார்கள். மதியம் என் மேசைக்கு மங்குஸ்தான் பழம் வந்தது. மூன்று மணிக்குப் புதுச் சுழல் நாற்காலி வந்தது. நான்கு மணிக்கு என் நிரந்தர நியமனக் கடிதம், தேதி மட்டும் போடாமல், பார்த்துவிட்டுத் தரச் சொல்லி வந்தது. என் பெயரில் எழுத்துப் பிழை இல்லை. இந்த அலுவலகத்தில் அது முதல் தடவை.

அன்றைக்கு இரவே அப்பா கூப்பிட்டார். அவர் தொலைபேசியில் பேசினால் தொலைபேசி தேவையில்லை.

"உன் கம்பெனி டிரைவர் ஒருத்தன் டயர் ஒட்ட வந்தான். எழுபது கிலோமீட்டர் தாண்டி. ஓட்டையே இல்ல. தொட்டியில முக்கி முக்கிப் பார்க்கிறேன், ஒரு குமிழி வரல. அந்தாளு பாட்டுக்கு நாற்காலியப் போட்டு உக்காந்துகிட்டு எம் பொண்ணு எவ்வளவு கெட்டிக்காரிங்கிறான்."

"என்ன கேட்டான்?"

"ஒண்ணும் கேக்கல. உன் கையெழுத்து ரொம்ப அழகுன்னான். தியோ, போட்டுத் தொல. ரயிலு உங்கப்பன் வீட்டுதா?"

"அமாங், கரைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் இருக்கு."

"மேல இருக்கிறவன் போடச் சொன்னா போடு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவன்தான் பதில் சொல்லணும்."

கையெழுத்து என்னுடையதென்றால் பதிலும் என்னுடையதுதான் என்று கத்தினேன். அவரும் கத்தினார். நான் நிரந்தரமாவதைத் தேவாலயத்தில் சொல்லியாகிவிட்டதாம், விருந்துக்குப் பன்றிக்குச் சொல்லி வைத்தாகிவிட்டதாம். பன்றி வளர்க்கிறவனிடம் இப்போது என்ன சொல்வது என்றார். வளர்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவருடைய கையில் முப்பது வருட ரப்பர்க் கரி. எந்தச் சோப்புக்கும் போகாது. அதைத் தேய்த்துத் தேய்த்துத்தான் எனக்குக் கட்டணம் கட்டினார். அதை நினைத்தால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. கரும்பலகையில் தண்ணீர் விட்டுப் போன கோட்டை நினைத்தால் தோன்றவில்லை. அந்தக் கோட்டை ஞாயிற்றுக்கிழமை நானே போய் அளந்திருந்தேன். ஒரு மீட்டர் முப்பது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவ்வளவு உயரம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழே கால் மணிக்கு ஆவணப் பிரிவுக்குப் போனேன். சான்றுப் படிவத்தில் இரண்டு கட்டங்கள். 'தகுதி', 'தகுதி இல்லை'. இரண்டாவதில் பேனா வைத்தேன். கணக்கை இணைத்தேன், சுஹேரியின் நோட்டுப் பக்கங்களை இணைத்தேன், வேளாண்மைப் பள்ளியின் ஏட்டை இணைத்தேன். கீழே என் முழுப் பெயர், தியோலினா மனுருங், குலப்பெயரோடு. இமாஸ் தெத்தே அதை வாங்கிப் படித்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். வந்து ஸ்கேன் செய்து, சோதனைக் குழுவின் முகவரியைத் தட்டி, அனுப்பிவிட்டு, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"நான் எதையும் பார்க்கல. மெஷின்தான் பார்த்துச்சு. அதுக்குப் படிக்கத் தெரியாது."

பதினொரு மணிக்கு விருந்து. வேலை நல்லபடியாக முடிந்ததற்கு நன்றி சொல்லும் சடங்கு. நீளமேசை நடுவில் வாழையிலை மேல் மஞ்சள் சோற்றுக் கூம்பு, சுற்றிலும் பொரித்த கோழி, வறுத்த உருளைக்கிழங்கு, மிளகாய்த் துவையல். சமையல்காரம்மா கேரட்டில் ஒரு ரயில் செதுக்கிக் கூம்பைச் சுற்றி ஓட விட்டிருந்தார்கள். தொழுகைத் தலைவர் பிரார்த்தனை சொன்னார், எல்லோரும் ஆமீன் சொன்னார்கள், நானும் என் பங்குக்கு ஆமென் சொன்னேன். ருஹியாத் கத்தியை எடுத்து, கூம்பின் உச்சியை வெட்டி, தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு கோழிக்காலைச் சாத்தினார். உச்சிச் சோறு கூட்டத்திலேயே பெரியவருக்குப் போவது. எல்லோரும் விருந்துக்கு வந்திருந்த அவருடைய மேலதிகாரியைப் பார்த்தார்கள். ருஹியாத் நான்கு பேரைத் தாண்டி வந்து, இரண்டு கையாலும் தட்டை என்னிடம் நீட்டினார்.

இந்தப் பிரிவின் மகள் என்றார். கை தட்டினார்கள். தட்டுக்கு அடியில் ஏதோ சரசரத்தது. புதுப் படிவம். முதல் கட்டத்தில் ஏற்கெனவே குறி போட்டிருந்தது. பேனாவை அவருடைய சட்டைப் பையிலிருந்து அவரே எடுத்துத் தந்தார்.

பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சோறு என்ன பாவம் செய்தது? உட்கார்ந்து சாப்பிட்டேன். கோழி நன்றாக இருந்தது. நான் மெல்லுவதை முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதைப் போல.

"மெதுவா சாப்பிடு, நெங். அவசரமில்ல. இன்னிக்கு மதியத்துக்குள்ள போதும்."

"அந்த மழைமானி, பாக்?"

"வெளிய வைக்கிறோம். இனிமே அதுல பேச்சே இல்ல." நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "மழைக்காலம் முடிஞ்சதும் வச்சிரலாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மேலதிகாரி தலையை ஆட்டி ஆமோதித்தார். அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகு எனக்குள் கொஞ்சநஞ்சம் கொதித்துக்கொண்டிருந்ததும் அடங்கிவிட்டது. கோபப்படுவதற்குக்கூட எதிரே ஆள் வேண்டும். எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். கை கழுவும் கிண்ணத்தில் விரல்களை நனைத்துத் துடைத்தேன். பேனாவை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"காலையிலயே போட்டுட்டேன், பாக். ஜகார்த்தாவுக்குப் போயாச்சு."

அவர் முகம் அப்படி மலர்ந்தது. என் தலையில் கை வைக்கக்கூட வந்தார்.

"ரெண்டாவது கட்டத்துல போட்டேன்."

அவர் கை காற்றில் நின்றது. படிவத்தை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டாவது கட்டம்னு ஒண்ணு இருக்கா?" என்று இமாஸ் தெத்தேயைக் கேட்டார். அவள் உருளைக்கிழங்கு வாயிலிருப்பதால் பேச முடியாது என்று சைகை காட்டினாள்.

மேலதிகாரியின் தொலைபேசி அடித்தது. அவர் எண்ணைப் பார்த்தார். எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, மிக மரியாதையாக 'ஹலோ' என்றார். அப்படிக் குனிந்தால் மறுமுனையில் இருப்பது ஜகார்த்தாதான்.

தேதி போடாத நியமனக் கடிதத்தை மடிக்காமல் தட்டின் பக்கத்தில் வைத்தேன். என்னை வேலையை விட்டு நீக்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்து, மரியாதைச் சொற்களையெல்லாம் சரிபார்த்து, முத்திரை குத்தக் குறைந்தது ஒரு மணி நேரம் பிடிக்கும். அதுவரை நான் இந்தப் பிரிவின் வடிகால் பொறியாளர். கிடங்குக்குப் போய், அளவு நாடாவும் சிவப்புப் பெயின்ட் டப்பாவும் ஒரு பிரஷும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். விடுபட்ட இரண்டு பெட்டிகளுக்காகக் கரையை எந்த இரண்டு இடத்தில் வெட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாசலில் கிடந்த முப்பது ஜோடிக் காலணிகளுக்கு நடுவில் என் பூட்ஸைத் தேடி மாட்டிக்கொண்டு, சிகெமுலான் பக்கமாக இறங்கி நடந்தேன்.